சென்டர்லெஸ் கிரைண்டிங்: மைக்ரோமீட்டர் சரி என்றாலும் ஷாஃப்ட் ஏன் வட்டமாக இல்லை?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கும். பம்பு ஷாஃப்ட், மோட்டார் ஷாஃப்ட், பின், புஷ் என்று ஏதாவது ஒன்று உருண்டுகொண்டே இருக்கும். அந்தப் பட்டறைகளில் சென்டர்லெஸ் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் குறைவு. அதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கோளாறு வந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. என் வேலைக் காலத்தின் பெரும்பகுதி இந்த மெஷினோடுதான் போயிருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை எழுதியும் வைக்கலாம் என்றுதான் இது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். லேத்திலும் சிலிண்ட்ரிக்கல் கிரைண்டரிலும் ஜாபை, அதாவது வேலை நடக்கும் துண்டை, சென்டர் என்ற இரண்டு கூர்முனைகளுக்கு நடுவில் பிடிக்கிறோம். சுற்றுகிற அச்சு நம் கையில் இருக்கிறது. சென்டர்லெஸ்ஸில் அப்படி ஒரு அச்சே கிடையாது. ஒரு பக்கம் அரைக்கும் கல், மறுபக்கம் கண்ட்ரோல் வீல், கீழே சரிவான பிளேடு. இந்த மூன்றுக்கும் நடுவில் ஜாப் சும்மா கிடந்து உருள்கிறது. அதன் வெளித்தோல்தான் அதற்கு ஆதாரம், அதே தோலைத்தான் அரைக்கவும் செய்கிறோம். தோலில் ஒரு மேடு இருந்தால் அது பிளேடைத் தொடும்போதும் கண்ட்ரோல் வீலைத் தொடும்போதும் ஜாப் முழுவதையும் கொஞ்சம் நகர்த்தும். அந்த நகர்வால் கல் வேறொரு இடத்தில் கூடவோ குறையவோ வெட்டும். செட்டிங் சரியாக இருந்தால் சுற்றச் சுற்ற அந்தத் தப்பு கரைந்துபோகும். செட்டிங் தவறினால் அதே தப்பு ஒழுங்கான வடிவமாக ஜாபில் பதிந்துவிடும். எத்தனை பாஸ் போட்டாலும், அதாவது எத்தனை தடவை அரைத்து எடுத்தாலும், போகாது.

இதனால்தான், ஜாப் சரியாக வரவில்லை என்றதும் ஃபீடு ஹேண்டிலைத் திருகுகிற கையை நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். அளவு வேறு, வடிவம் வேறு. ஹேண்டில் அளவை மட்டும்தான் மாற்றும்.

தெரிந்த ஒரு பட்டறையிலிருந்து ஒருநாள் கூப்பிட்டார்கள். 17 மி.மீ. மோட்டார் ஷாஃப்ட், 6203 பேரிங் உட்காரும் இடம், அளவு 17.001-லிருந்து 17.009 வரை. மோட்டார் அசெம்பிளி செய்கிற இடத்திலிருந்து ஷாஃப்டைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சில பேரிங் ஏறும்போதே இறுக்கமாக இருந்ததாம். ஏறியவையும் ஓட்டிப் பார்த்தால் ஊ என்று இரைகிறதாம். ஆபரேட்டர் பையன் மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்தான். "நீங்களே பாருங்கண்ணா, சுத்திச் சுத்தி எங்க வெச்சாலும் 17.005-தான் காட்டுது. பேரிங்லதான் ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன்."

பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான், எங்கே வைத்தாலும் 17.005. அப்புறம் ஷாஃப்டை 90 டிகிரி வி பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் வெட்டிய கட்டை) வைத்து, மேலே டயல் இண்டிகேட்டரை நிறுத்தி, கையால் மெதுவாக உருட்டினேன். முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு சுற்றில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியது. முள்ளின் ஆட்டம் 12 மைக்ரான் (0.012 மி.மீ.). ஷாஃப்ட் வட்டமாகவே இல்லை, மூன்று மேடு வைத்த வடிவம். மேட்டுக்கு நேர் எதிரே சரியாக ஒரு பள்ளம் இருப்பதால் எந்தப் பக்கம் பிடித்தாலும் விட்டம் ஒரே அளவாக இருக்கும். இரண்டு புள்ளியில் மட்டும் தொடுகிற மைக்ரோமீட்டருக்கு அது தெரிய வழியே இல்லை. பேரிங்கின் உள்வளையம் மெல்லியது. ஷாஃப்டின் மேல் இறுக்கமாக ஏறும்போது அந்த மூன்று மேட்டையும் அதுவும் வாங்கிக்கொள்ளும். அதன்மேல் உருளும் குண்டுகள் இரையாமல் என்ன செய்யும்?

வி பிளாக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பிளாக்கின் கோணத்தைப் பொறுத்து டயல் சில வடிவங்களைப் பெரிதாகக் காட்டும், சிலவற்றை முழுதாக மறைத்துவிடும். 90 டிகிரி பிளாக் மூன்று மேட்டையும் ஐந்து மேட்டையும் இரண்டு மடங்காகக் காட்டும், ஏழு மேடு என்றால் முள் அசையவே அசையாது. 60 டிகிரி பிளாக் மூன்று மேட்டை மூன்று மடங்காகக் காட்டும், ஆனால் ஐந்தும் ஏழும் அதன் கண்ணில் படாது. 120 டிகிரி பிளாக் ஐந்தையும் ஏழையும் இரண்டு மடங்காகக் காட்டும். ஆகவே 90-லும் 120-லும் ஒவ்வொரு தடவை உருட்டிப் பார்த்தால் நம் பட்டறை வேலைக்குப் பெரும்பாலும் போதும். அன்று 90-இல் முள் 12 ஆடியது என்றால் ஷாஃப்டின் உண்மையான வட்டப் பிழை அதில் பாதி, 6 மைக்ரான். மொத்த டாலரன்ஸே, அதாவது அளவில் அனுமதித்த வித்தியாசமே, 8 மைக்ரான் உள்ள இடத்தில் வட்டப் பிழையே 6 என்றால் அந்த ஷாஃப்ட் எதற்கும் உதவாது. கையில் வசதி இருந்தால் ரவுண்ட்னெஸ் டெஸ்டரில் கொடுத்துப் பார்ப்பது நல்லதுதான். அது இல்லை என்பதற்காக வட்டத்தைப் பார்க்காமல் விட வேண்டியதில்லை.

காரணம் என்ன? அதற்கு முன் அந்த மெஷினில் ஓடியது 25 மி.மீ. சப்மெர்சிபிள் பம்பு ஷாஃப்ட். அதை முடித்துவிட்டு பிளேடை அப்படியே விட்டு, கல்லையும் கண்ட்ரோல் வீலையும் கிட்டே கொண்டுவந்து 17-ஐ ஓட்டியிருக்கிறார்கள். ஓடும், அளவும் வரும். ஆனால் ஜாபின் மையம் எங்கே இருக்கிறது?

இரண்டு வீல்களின் மையங்களையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், ஜாபின் மையம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். எவ்வளவு மேலே என்றால், தொடக்கத்துக்கு ஜாபின் விட்டத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம், பெரிய ஜாபாக இருந்தாலும் 12 மி.மீ. அளவில் நிறுத்திக்கொள்ளலாம். 17-க்கு எட்டரை. 25-க்கு 11, 12. ஜாபின் மையம் அந்தக் கோட்டிலேயே இருந்தால், கண்ட்ரோல் வீலைத் தொடும் மேடு ஜாபை நேராகக் கல்லுக்குள் தள்ளும். எதிர்ப்பக்கம் அதே அளவு பள்ளம் விழும். மூன்று மேடு வடிவம் பிறப்பது அங்கேதான். மேலே ஏற்றி வைத்தால் தொடும் இடங்கள் நேர் எதிராக இருக்காது, மேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அழிந்துகொண்டே வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பிளேடு சரிவு 30 டிகிரி. பிளேடும் கண்ட்ரோல் வீலும் சேர்ந்து ஒரு மூலை, அந்த மூலையில் ஜாப் உட்கார்ந்திருக்கிறது. மூலையை மாற்றாமல் சின்ன ஜாபைப் போட்டால் அது உள்ளே இறங்கி உட்காரும். ஆரம் எவ்வளவு குறைகிறதோ அதைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு மையம் கீழே போகும். 25-லிருந்து 17-க்கு வந்தால் ஆரம் 4 குறைகிறது, மையம் கிட்டத்தட்ட 7 மி.மீ. இறங்குகிறது. 11-இல் இருந்தது 4-க்கு வந்துவிட்டது. எட்டரை இருக்க வேண்டிய இடத்தில் 4. விட்டம் 8 மி.மீ. தானே மாறியிருக்கிறது, பெரிதாக என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் மூன்று மேடு பதிவதற்கு அதுவே போதும்.

பிளேடைக் கழற்றி, அது உட்காரும் காடியைத் துணியால் துடைத்து, அடியில் 5 மி.மீ. பேக்கிங் வைத்து மறுபடி பூட்டினோம். உயரத்தை அளக்கும் முறை எளிது. வீல் மையம் மெஷினின் அடித்தளமான பெட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்று மெஷின் புத்தகத்தில் இருக்கும். அதோடு நமக்கு வேண்டிய உயரத்தையும் ஜாபின் ஆரத்தையும் கூட்டினால் ஜாபின் உச்சி இருக்க வேண்டிய இடம் வரும். வீல்கள் நின்றிருக்கும்போது ஜாபை இடத்தில் வைத்து ஹைட் கேஜால் உச்சியைத் தொட்டுப் பார்த்தால் போதும். 9-இல் வந்து நின்றது. ஓட்டினோம். 0.03 மி.மீ. மெட்டீரியல் மிச்சம் இருந்த ஷாஃப்டுகள் இரண்டு பாஸில் சரியாகிவிட்டன, 90 டிகிரி பிளாக்கில் முள் ஆட்டம் 3-க்குள் அடங்கியது. ஏற்கெனவே 17.005-க்கு வந்துவிட்டவற்றை மட்டும் காப்பாற்ற வழியில்லை. அரைக்க மிச்சம் இருந்தால்தானே!

உயரம் விஷயத்தில் இன்னும் இரண்டு. கல்லும் கண்ட்ரோல் வீலும் தேயத் தேய, அதே உயரம் அதிகக் கோணமாக மாறும். 500 மி.மீ. கல், 300 மி.மீ. கண்ட்ரோல் வீல், 25 மி.மீ. ஜாப், உயரம் 11 என்றால், இரு பக்கமும் ஜாப் தொடும் கோணங்களின் கூட்டல் ஏறத்தாழ 6.3 டிகிரி. கல் 400-க்கும் வீல் 250-க்கும் தேய்ந்த பிறகு அதே 11-இல் அது 7.5 டிகிரிக்கு மேல் போய்விடும். புதுக் கல்லில் நன்றாக ஓடிய செட்டிங் தேய்ந்த கல்லில் சேட்டர், அதாவது அதிர்வு வரிகள், காட்டுவதற்கு இது ஒரு காரணம். அரை மி.மீ. இறக்கிப் பாருங்கள். இன்னொன்று, நீளமான, நேராக இல்லாத பார்களுக்கு இந்த விதி தலைகீழ். கோட்டுக்கு மேலே வைத்தால் வளைந்த பார் துள்ளும். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வைத்தால்தான் பிளேடோடு அழுந்தி அமைதியாக ஓடும். வட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அது தெரிந்தே செய்வது.

உயரம் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதும் காதுக்குத் தெரியும். ஜாப் பிளேடைவிட்டு எழும்பி எழும்பி விழும், 'டர்ர்' என்று ஒரு சத்தம், மேற்பரப்பில் வரிவரியாகச் சேட்டர். ஆனால் சேட்டர் என்றாலே உயரம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். ஜாபின்மேல் நீல மையைத் தடவி நைசான ஆயில் ஸ்டோனால் லேசாகத் தேய்த்தால் வரிகள் தெளிவாகத் தெரியும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எவ்வளவு தூரம் என்று சுற்றுவட்டத்தில் அளங்கள். 300 மி.மீ. கண்ட்ரோல் வீல் நிமிடத்துக்கு 30 சுற்று ஓடினால் ஜாபின் தோல் நொடிக்கு ஏறத்தாழ 470 மி.மீ. ஓடுகிறது. கல் 1,250 சுற்று ஓடினால் நொடிக்கு 21 தடவை சுற்றுகிறது. 470-ஐ 21-ஆல் வகுத்தால் 22 மி.மீ. வரிகள் இந்த இடைவெளியில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கல்லின் பேலன்ஸ். கழற்றி பேலன்சிங் ஸ்டாண்டில் போடுங்கள். இடைவெளி 3 மி.மீ. என்றால் நொடிக்கு 150-க்கு மேல் அதிர்வு. அது கல்லின் சுற்றில் வருவதில்லை. உயரம், பிளேடின் இறுக்கம், மெல்லிய பிளேடு, மழுங்கிய கல், மோட்டார் பெல்ட் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இப்படி ஒரு கணக்குப் போட்டாலே அரைநாள் தடுமாற்றம் மிச்சமாகும்.

பேலன்ஸ் போனதாக எனக்கு வரும் புகார்களில் கணிசமானவை திங்கள்கிழமை காலையில் வருபவை. சனிக்கிழமை சாயங்காலம் கல்லையும் கூலண்டையும் (அரைக்கும்போது சூடு தணிக்க ஊற்றும் தண்ணீர்) ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள். கல் நுண்துளை உள்ளது, தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். நின்ற கல்லில் அந்தத் தண்ணீர் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கிவிடும், மறுபடி ஓட்டும்போது ஒரு பக்கம் கனம். கூலண்டை முதலில் மூடி, கல்லைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, தண்ணீரைச் சுழற்றி எறியச் செய்துவிட்டு நிறுத்த வேண்டும். காசு செலவில்லாத வேலை, தினமும் செய்ய வேண்டியது.

அடுத்து கைடுகள். ஜாப் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் த்ரூ ஃபீடு முறையில், அது உள்ளே நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பக்கத்துக்கு ஒன்றாகக் கைடு பிளேட் இருக்கிறது. ஷாஃப்ட் வட்டமாக இருக்கிறது, ஆனால் முனைகள் சிறுத்து நடு பருத்திருக்கிறது, அல்லது ஒரு முனை மட்டும் டேப்பர் (கூம்பு போல் சிறுப்பது) என்றால் கல்லையும் டிரஸ்ஸிங்கையும் (டயமண்டால் கல்லின் முகத்தைச் சீவிச் சரிசெய்வது) குறை சொல்வதற்கு முன் கைடைப் பாருங்கள். கண்ட்ரோல் வீல் பக்கத்து நுழைவுக் கைடு கல்லை நோக்கித் துருத்திக்கொண்டிருந்தால், நுழையும் முனையைக் கல்லுக்குள் தள்ளும், முன்முனை சிறுக்கும். வெளியேறும் பக்கத்துக் கைடு அப்படித் துருத்தினால் பின்முனை சிறுக்கும். இரண்டும் துருத்தினால் இரண்டு முனையும் சிறுத்து நடு பருக்கும். இரண்டு கைடும் கண்ட்ரோல் வீல் பக்கம் உள்வாங்கியிருந்தால் நேர்மாறாக நடு பள்ளமாகும்.

சரிபார்க்க வேறு எதுவும் வேண்டாம், நேராக அரைத்த ஒரு மாஸ்டர் பார் போதும். கைடு, கண்ட்ரோல் வீல் இரண்டையும் சேர்த்து நீளும் அளவுக்கு நீளமான பார். வீல்களை நிறுத்திவிட்டு பிளேடின்மேல் வைத்து கண்ட்ரோல் வீலோடு ஒட்டிப் பிடித்து, கைடுக்கும் பாருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வெளியேறும் கைடு வீலின் முகத்தோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நுழைவுக் கைடை, அந்தப் பாஸில் எடுக்கப் போகும் மெட்டீரியலில் பாதியளவு பின்னுக்கு வைக்க வேண்டும். ரஃப் பாஸில் 0.2 எடுத்தால் 0.1 பின்னே. ஃபினிஷ் பாஸில் 0.02 எடுக்கும்போது அது 0.01, அதற்காகப் போராட வேண்டாம். கல் பக்கத்துக் கைடுகள் ஜாபைத் தொடாமல் கொஞ்சம் விலகி நிற்பதே நல்லது.

கைடு சரியா என்று ஓடும்போதே சொல்லிவிடும் ஒன்று, தீப்பொறி. கூலண்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் பாருங்கள். நுழையும் பக்கம் பொறி அதிகமாகவும், போகப் போகக் குறைந்தும், கல்லின் கடைசி ஓரத்தில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்க வேண்டும். கடைசி ஓரம் வரை பொறி பறந்தால், ஜாப் கல்லின் விளிம்பில் வெட்டுப்பட்டுக்கொண்டே வெளியேறுகிறது என்று பொருள். அந்த ஜாபில் திருகு மாதிரி சுருள் வரி கட்டாயம் இருக்கும். கண்ட்ரோல் வீலை முன்பின் நகர்த்தும் ஸ்லைடின் ஸ்விவலை (பக்கவாட்டில் திருப்பும் அமைப்பு) துளி திருப்பி, வெளியேறும் பக்கத்தை விடுவித்துப் பாருங்கள். டிரஸ்ஸிங்கில் டயமண்டை வேகமாக ஓட்டினாலும் இதே சுருள் வரும். அதற்கு மெதுவாக ஒரு பாஸ் 0.01 ஆழத்தில் டிரஸ் செய்தால் போய்விடும்.

கண்ட்ரோல் வீலின் டிரஸ்ஸிங்தான் பெரும்பாலும் கவனிக்காமல் விடப்படுவது. அது அரைக்காதே, அதற்கு எதற்கு டிரஸ்ஸிங் என்று கேட்டவர்கள் உண்டு. ஜாபை உருட்டுவதும், பிடித்து வைப்பதும், முன்னே தள்ளுவதும் அந்த வீல்தான். ஜாபைத் தள்ளுவதற்காக அதை 2, 3 டிகிரி சாய்த்திருக்கிறோம். சாய்ந்த வீல் நேரான உருளையாக இருந்தால் நேரான ஜாபை முழு நீளத்துக்கும் தொடாது. நடுவில் லேசாக இடுங்கிய வடிவம் வேண்டும். டிரஸ்ஸரையும் வீலின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பி, டயமண்டை ஜாபின் உயரத்துக்கு ஏறத்தாழ சமமாக மையத்திலிருந்து நகர்த்தி வைத்து டிரஸ் செய்தால் அந்த வடிவம் தானாக வரும். நகர்த்தாமல் செய்தால் ஜாப் வீலை ஒரு முனையிலோ நடுவிலோ மட்டும் தொடும், அப்புறம் கைடை எப்படி மாற்றினாலும் டேப்பர் போகாது. மாஸ்டர் பாரில் மெல்லிய நீலம் பூசி கண்ட்ரோல் வீலை மட்டும் மெதுவாகத் திருப்பினால் எங்கே தொடுகிறது என்று வீலின் முகத்தில் தெரியும். முழு அகலத்துக்கும் ஒரே சீராக நீலம் பட வேண்டும். உயரத்தையோ சாய்வையோ மாற்றினால் கண்ட்ரோல் வீலை மறுபடி டிரஸ் செய்தே ஆக வேண்டும். நேரம் போகிறதே என்று இதில் மிச்சம் பிடித்தால் அந்த நேரம் வேறு பக்கம் இரட்டிப்பாகப் போகும்.

சாய்வுக்கும் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வீலின் சுற்றளவை நிமிடச் சுற்றாலும் சாய்வுக் கோணத்தின் சைனாலும் பெருக்க வேண்டும். 300 மி.மீ. வீல், 30 சுற்று, 3 டிகிரி என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். உண்மையில் கொஞ்சம் வழுக்கும், சற்றுக் குறைவாக வரும். ரொம்பக் குறைந்தால், அல்லது ஜாப் நடுவில் நின்று நின்று போனால், கண்ட்ரோல் வீல் வழவழத்துவிட்டது அல்லது எண்ணெய் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ட்ரோல் வீல்தான் ஜாபின் பிரேக். அதன் பிடி விட்டால் கல் ஜாபைத் தன் வேகத்துக்கு இழுத்துச் சுழற்றிவிடும். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுழலும் ஷாஃப்ட் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. வழவழத்த வீலில் கனமாக வெட்டு எடுப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். ஜாப் திடீரென்று கீச்சிட்டு வேகமெடுத்தால் கையை நீட்டாதீர்கள். கண்ட்ரோல் ஸ்லைடைப் பின்னுக்கு எடுங்கள். வெளியேறும் பக்கத்துக்கு நேராக யாரையும் நிற்க விடாதீர்கள். சிக்கிக்கொண்ட ஜாபைக் கல் ஓடும்போது கம்பியால் நெம்பி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். அதை யாரும் செய்யக் கூடாது, எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும்.

அளவு ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற புகாருக்கு வருவோம். லேத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது ஒன்று உண்டு. அங்கே டூலை 0.01 நகர்த்தினால் விட்டத்தில் 0.02 போகும். சென்டர்லெஸ்ஸில் ஸ்லைடை 0.01 நகர்த்தினால் விட்டத்திலும் 0.01-தான் போகும், இரண்டு வீலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே விட்டம் என்பதால். அதைத் தாண்டியும் அளவு நிற்கவில்லை என்றால் சூடுதான் பெரும்பாலும் காரணம். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். 25 மி.மீ. ஷாஃப்ட் அறைச் சூட்டைவிட 20 டிகிரி கூடுதல் சூடாக இருக்கும்போது அளந்தால் ஆறு மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதலாகக் காட்டும். ஆறியதும் டாலரன்ஸுக்குக் கீழே போய் நிற்கும். ஜாபைக் கூலண்டில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து அளங்கள். மார்கழிக் காலைக் குளிரில் மெஷினை ஆன் செய்த உடனே ஃபினிஷ் பாஸ் தொடங்காதீர்கள், ஸ்பிண்டில் ஆயில் சூடேற அரை மணி நேரம் ஓடட்டும். ஸ்லைடை எப்போதும் ஒரே திசையில் அளவுக்குக் கொண்டுவாருங்கள், தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே எடுத்து மறுபடி முன்னே வாருங்கள். கிளாம்பை இறுக்கும்போது அளவு ஒன்றிரண்டு மைக்ரான் நகர்வது பழைய மெஷின்களில் சகஜம். எவ்வளவு நகர்கிறது என்று டயல் வைத்துப் பார்த்து வைத்துக்கொண்டால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பிளேடைக் கையால் தடவிப் பாருங்கள், மெஷின் முழுக்க நின்ற பிறகு. ஜாப் ஓடிய இடத்தில் நகம் தட்டினால் பிளேடு தேய்ந்துவிட்டது, மறுபடி கிரைண்டிங்குக்குப் போக வேண்டும். அரைத்து வந்த பிளேடு உயரம் குறைந்து வரும், அந்தக் குறைவுக்குப் பேக்கிங் கூட்ட வேண்டும் என்பதையும் பிளேடோடு சேர்த்தே யோசியுங்கள். பொதுவான எஃகு வேலைக்குக் கார்பைடு பதித்த பிளேடு நெடுநாள் உழைக்கும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்டில் கீறல் விழுந்துகொண்டே இருந்தால், எஸ்எஸ் பிளேடில் ஒட்டிப் பிடிக்கிறது என்று பொருள். அலுமினியம் பிரான்ஸ் பிளேடுக்கு மாறினால் வித்தியாசம் முதல் பாரிலேயே தெரியும். தேய்வது சீக்கிரம்தான், ஆனால் திரும்பி வரும் ஷாஃப்டுகளின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

கமா போட்டது போல் குட்டிக் குட்டிக் கீறல்கள் ஆங்காங்கே இருந்தால் கல்லைத் திட்டாதீர்கள், கூலண்ட் டேங்கைத் திறந்து பாருங்கள். அடியில் கறுப்புச் சகதி நிறைந்து, அதில் உதிர்ந்த மணல்கள் பம்பு வழியாக மறுபடி ஜாபுக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து விழுகின்றன. டேங்கைக் காலி செய்து வழித்து எடுப்பது அழுக்கு வேலை, யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் காந்தப் பிரிப்பானும் பேப்பர் ஃபில்டரும் இருந்தாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். கூலண்ட் ஆயிலைக் கண்மதிப்பில் ஊற்றாமல் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், 3 சதவீதம் அளவில் இருந்தால் போதும். அதிகமாக ஊற்றினால் கண்ட்ரோல் வீல் வழுக்கும், ரொம்பக் குறைந்தால் ஜாபும் மெஷினும் துரு பிடிக்கும்.

கடைசியாக ஒரு பழக்கம். செட்டிங் நன்றாக அமைந்து, இரண்டு வி பிளாக்கிலும் முள் அடங்கி நிற்கும் ஜாப் வந்துவிட்டால், உடனே அந்தப் பிளேடின் பக்கவாட்டில் எலெக்ட்ரிக் பேனாவால் எழுதிவிடுவேன்: 17, உயரம் 9, பேக்கிங் 5, சாய்வு 3, கல் அன்றைக்கு இருந்த விட்டம். நோட்டில் எழுதினால் நோட்டு ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம் என்று போய்விடுகிறது. பிளேடு இல்லாமல் அந்த ஜாபை யாரும் ஓட்ட முடியாது, அதனால் எழுதியதும் அதோடே வரும். அந்தப் பட்டறைப் பையனும் இப்போது தன் பிளேடுகளில் எழுதி வைக்கிறான். போன தீபாவளிக்கு முன் அவசரமாக 12 மி.மீ. பின் ஆர்டர் வந்தபோது, என்னைக் கூப்பிடாமலே பிளேடை ஏற்றி, கண்ட்ரோல் வீலை டிரஸ் செய்து, முதல் பின்னை வி பிளாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் லாட்டைத் தொடங்கியிருக்கிறான்.